மணல் திட்டில் கூடாரம் அடிக்கலாமா?

விடுமுறை நெருங்குகிறது, இம்முறை வந்த கடிதங்களில் பாதி கூடாரம் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஐந்து கேள்விகளாக எடுத்துக்கொண்டேன்.

அக்கா, நண்பர்கள் ஐந்து பேர் கித்துல்கலவில் களனி கங்கைக் கரையில் ஓர் இரவு தங்கப் போகிறோம். காசு வாங்கும் இடங்களில் ஆற்றைவிட்டுத் தள்ளித்தான் கூடாரம் அடிக்க விடுகிறார்கள். கரையோரம் நல்ல மணல் திட்டு இருக்கிறதே, அதில் நாங்களே அடித்தால் என்ன? – ஹட்டன் வாசகர்

வேண்டாம் தம்பி. நீங்கள் ஹட்டன்காரர் என்பதால் உங்களுக்கு இது சட்டென்று விளங்கும், கித்துல்கலவில் ஓடுவது உங்கள் ஊர்ப் பக்கத்துத் தண்ணீர்தான். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. முதலாவதில் காசல்ரியும் நோர்ட்டன் பிரிட்ஜில் உள்ள விமலசுரேந்திர நீர்த்தேக்கமும், இரண்டாவதில் மவுசாக்கலை, கெனியோன், லக்சபான என்று வரிசையாக அணைகள் இருக்கின்றன. மேலே மழை பிடித்தால் வான்கதவைத் திறப்பார்கள். திறக்காத நாளிலும் மின் நிலையத்திலிருந்து விடும் தண்ணீர் கூடக் குறைய, ஆற்றின் மட்டமும் ஏறி இறங்கும். நீங்கள் படுத்திருக்கும் இடத்தில் வானம் நிறைய நட்சத்திரமாக இருக்கும், மஸ்கெலியாவில் கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருக்கும், அந்தத் தண்ணீர் நடுச்சாமத்தில் வந்து சேரும்.

அந்த மணல் எப்படி அங்கே வந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஆறு கொண்டுவந்து போட்டது, அதை எடுக்கவும் ஆறே வரும்.

எனக்கு இருபது வயதிருக்கும்போது சித்தப்பா பிள்ளைகளோடு எங்கள் தோட்டத்துக்குக் கீழே உள்ள ஓயாவில் இப்படித்தான் மணலில் படுத்தோம். இரவு இரண்டு மணி வாக்கில் எழுப்பியது தண்ணீர் இல்லை, சத்தம். தூரத்தில் லொறி வருவது போல ஒரு உறுமல், அது தண்ணீருக்கு அடியில் கல் உருளும் சத்தம் என்று பெரிய தம்பிக்குத் தெரிந்திருந்தது. சட்டி, போர்வை எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறினோம். கால் மணி நேரத்தில் மணல் இல்லை. இன்றைக்கும் அந்த உறுமல் காதில் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

பகல் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். கரையோரப் புதரிலும் மரக்கிளையிலும் காய்ந்த புல், பொலித்தீன் துண்டு எல்லாம் எந்த உயரம் வரை சிக்கியிருக்கிறது என்று பாருங்கள், போன வெள்ளம் அதுவரை ஏறியிருக்கிறது. கூடாரம் அந்தக் கோட்டுக்கு மேலே இன்னும் ஓர் ஆள் உயரமாவது தள்ளி இருக்கட்டும், அங்கிருந்து ஆற்றைக் கடக்காமல் ரோட்டுக்கு ஏற வழியும் இருக்க வேண்டும். சாயந்தரம் தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள், சாப்பிடும்போது ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை டோர்ச் அடித்துப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வந்தாலோ காத்திருக்காதீர்கள். அப்புறம், இருட்டிய பிறகு யாரும் குளிக்க இறங்கக் கூடாது, குடித்தவர் பகலிலும் இறங்கக் கூடாது.

தள்ளி அடிக்கச் சொல்லும் அந்த இடத்துக்காரர் ஆற்றை அறிந்தவர். அவருக்குக் கொடுக்கும் காசு வீணில்லை.

ஆறு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். முதல் தடவை கூடாரத்தில் தங்கப் போகிறோம். எங்கே போகலாம்? – பண்டாரவளை வாசகி

பெலிஹுல்ஓயாவைப் பாருங்கள். உங்களுக்கு ஹப்புத்தளை வழியாக இறங்கினால் போதும், பஸ் ஓடும் பெரிய ரோட்டுக்குப் பக்கத்திலேயே ஆறு, மலையடிவாரம் என்பதால் உங்கள் ஊர்க் குளிரும் இல்லை. ஹோர்ட்டன் சமவெளியில் பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சியாக விழும் அதே தண்ணீர்தான் அங்கே பாறைக்கு நடுவே ஓடுகிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் காலை நனைக்க விடுங்கள், கண் விரியும். ஆனால் அங்கேயும் மேலே மலையில் மழை என்றால் ஆறு பொங்கும், முதல் பதிலில் சொன்னதெல்லாம் அங்கேயும் பொருந்தும்.

இடம் பிடிக்கும்போது காட்சியைவிட கழிப்பறையை முதலில் கேளுங்கள். மாமியாருக்கு முழங்கால் வலி இருந்தால் எத்தனை படி என்றும் கேளுங்கள், இரவில் அந்தப் படியில் வெளிச்சம் இருக்கிறதா என்றும். மரத்தடியில் அடிக்கும் முன் அண்ணாந்து பாருங்கள், காய்ந்த கொப்பு இருக்கிறதா, குளவிக்கூடு இருக்கிறதா என்று. குளவி என்றால் என்ன என்று தோட்டத்துச் சனத்துக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கொழுந்து எடுக்கப் போய்க் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகாத தோட்டமே கிடையாது. கூட்டுக்குப் பக்கத்தில் புகை போடவே வேண்டாம்.

இன்னொன்று, குளிர்ந்த காற்று இரவில் பள்ளத்துக்கு இறங்கும். ஆற்றோரப் பள்ளத்தில் அடித்த கூடாரம் விடியும்போது உள்ளேயும் நனைந்திருக்கும், இருபது அடி மேலே அடித்தது காய்ந்திருக்கும். கூடாரத்தின் மேல் ஜன்னலை முழுதாக மூடாதீர்கள், நாம் விடும் மூச்சுதான் துணியில் தண்ணீராகச் சொட்டுகிறது. அடியில் ஒரு படங்கு விரியுங்கள், அதன் ஓரம் கூடாரத்துக்கு வெளியே நீட்டக் கூடாது, நீட்டினால் மழைத் தண்ணீரை உள்ளே கூட்டிவரும். போகும் முன் வீட்டு முற்றத்தில் ஒரு இரவு படுத்துப் பாருங்கள், பிள்ளைகளுக்கு அதுவே பாதி சந்தோஷம்.

அட்டைக்கு என்ன செய்வது? – கொழும்பு வாசகர்

காலுறைக்கு மேல் சவர்க்காரம் தேயுங்கள், ஏறிவிட்டால் உப்பு அல்லது தேசிக்காய். மழை இல்லாத மாதத்தில் போனால் பாதித் தொல்லை குறையும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறோம். எந்த மாதம் நல்லது? ஹோர்ட்டன் சமவெளியில் கூடாரம் அடிக்க முடியுமா? – யாழ்ப்பாண வாசகர்

ஹட்டன், நுவரெலியா, கித்துல்கலப் பக்கத்துக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்லது. மேயில் தென்மேல் பருவமழை தொடங்கினால் செப்டெம்பர் வரை அந்தப் பக்கம் ஈரம்தான். அந்த நாட்களில் பதுளை, மடுல்சீமைப் பக்கம் காய்ந்திருக்கும், காற்று மட்டும் பலமாக இருக்கும். ஏப்ரலில் காலை வெயிலை நம்பாதீர்கள், பிற்பகலில் இடியோடு மழை வரும், அதனால் மலை உச்சியில் கூடாரம் வேண்டாம்.

ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் வரவே வேண்டாம் என்பேன். மீரியபெத்தையில் மண்சரிவு வந்தது 2014 ஒக்டோபர் 29, டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டது 2025 நவம்பர் இறுதி. எந்த மாதமானாலும் புறப்படும் முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். போகும் பிரதேசத்துக்கு மஞ்சள் என்றாலே நான் பயணத்தைத் தள்ளிவைப்பேன், செம்மஞ்சள், சிவப்பு என்றால் பேச்சே இல்லை. செங்குத்தாக வெட்டிய மண் மேட்டுக்குக் கீழே ஒருபோதும் படுக்காதீர்கள்.

ஹோர்ட்டன் சமவெளி வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ள தேசியப் பூங்கா. முன்கூட்டியே பதிவு செய்து, அவர்கள் காட்டும் இடத்தில்தான் அடிக்கலாம். 2,000 மீற்றருக்கு மேலே இருக்கிறது, ஜனவரி பெப்ரவரியில் விடியற்காலை புல்லில் துகள் உறைபனி படியும். யாழ்ப்பாணத்துப் போர்வை போதாது, கம்பளி உடுப்பும் நிலக்குளிரைத் தடுக்கும் தடித்த விரிப்பும் கொண்டு வாருங்கள்.

எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே, நாங்கள் குடிக்கப் பிடிக்கும் பீலித் தண்ணீர் வரும் ஓடைக்கரையில் வார இறுதியில் வெளியாட்கள் கூடாரம் அடிக்கிறார்கள். சவர்க்காரம் போட்டுக் குளிக்கிறார்கள், போத்தலை உடைத்துப் போடுகிறார்கள். கேட்டால் ஆறு எல்லாருக்கும் பொது என்கிறார்கள். – தலவாக்கலைத் தோட்ட வாசகர்

படித்துவிட்டுக் கோபம் வந்தது. அவர்களுக்கு ஓடை, உங்களுக்கு அது குடிக்கிற தண்ணீர். பீலிக்கு மேலே கூடாரம் அடிக்கவே கூடாது, கூடாரம் அடிப்பவர்கள் எல்லாரும் இதை வாசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் உங்கள் கடிதத்தைப் போடுகிறேன்.

நீங்கள் தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் எழுத்தில் கொடுங்கள், ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பலகை வையுங்கள், 'இது குடிநீர்' என்று மட்டும் எழுதினால் போதும். முடிந்தால் ஓடைக்குக் கீழ்ப்பக்கம், லயத்தைத் தாண்டி ஒரு இடத்தை நீங்களே காட்டிக் கொடுங்கள்.

வருகிறவர்களே, தண்ணீரிலிருந்து எண்பது தப்படியாவது தள்ளி ஒரு சாண் ஆழக் குழி தோண்டி ஒதுங்குங்கள், மண்ணால் மூடுங்கள். வாளியில் தண்ணீர் மொண்டு தள்ளிப் போய்க் குளியுங்கள். போத்தலைக் கொண்டு வந்த பையிலேயே திரும்பக் கொண்டு போங்கள். போகும் வழியில் லயத்தில் நின்று, ஆறு எப்படி இருக்கிறது, எங்கே படுக்கலாம் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டவருக்கு எங்கள் சனம் இடமும் காட்டும், ரொட்டியும் பிளேன்டீயும் தரும்.