‘தி அன்னோன்’ (1927): கேட்டதும் சொன்னதும்

டாட் பிரௌனிங் இயக்கி லான் சேனி நடித்த இந்த மௌனப் படம் பற்றி வந்த கேள்விகள். முடிவு உட்பட முழுக் கதையும் இதில் வருகிறது. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

சர்க்கஸ் காதல் கதை என்றார்கள். குடும்பத்தோடு பார்க்கலாமா சார்?

வேண்டாம். மாட்ரிட்டில் ஒரு ஜிப்சி சர்க்கஸ். கைகளே இல்லாத அலோன்சோ (லான் சேனி) காலால் கத்தி வீசுகிறான். எதிரே நிற்பவள் முதலாளியின் மகள் நானோன் (இளம் ஜோன் கிராஃபோர்ட்). உண்மையில் அவனுக்கு இரண்டு கையும் உண்டு. போலீஸ் தேடுவதால் இறுக்கிக் கட்டி மறைத்திருக்கிறான். இடது கையில் இரட்டைக் கட்டைவிரல் வேறு. நானோனுக்கோ ஆண்களின் கை பட்டாலே உடம்பு கூசும். பயில்வான் மலபார் ஆசையாக வந்தாலும் விலகிப் போகிறாள், அலோன்சோவிடம் மட்டும் ஒட்டிக்கொள்கிறாள். அதைக் காதல் என்று அவன் நினைத்துக்கொள்கிறான்.

அதற்காகக் கையையே வெட்டிக்கொள்வானா? நம்பும்படி இல்லையே.

இரண்டு காரணங்கள் சேர்கின்றன. அவனுடைய கைகளைப் பார்த்துவிடும் நானோனின் அப்பாவை அவன் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். ஜன்னல் வழியாக அவள் பார்ப்பது கொலைகாரனின் இரட்டைக் கட்டைவிரலை மட்டும்தான். ஆக, கை இருந்தால் அவளும் கிடைக்கமாட்டாள், உயிரும் தப்பாது.

அந்த யோசனை பிறக்கும் இடம்தான் அபாரம். கட்டு அவிழ்த்து உட்கார்ந்திருக்கும் அலோன்சோ, கைகள் சும்மா இருக்க, பழக்கத்தில் காலாலேயே சிகரெட் பற்றவைக்கிறான். கையாள் கோஜோ அதைப் பார்த்துச் சிரிக்கிறான். அலோன்சோவின் முகம் மெல்ல மாறுகிறது. அப்புறம் ஒரு டாக்டரின் பழைய ரகசியத்தைச் சொல்லி மிரட்டி ஆபரேஷன் செய்துகொள்கிறான்.

என்னை உலுக்குவது அந்த ஆபரேஷன்கூட இல்லை. இவ்வளவும் செய்கிறவன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுடைய பயம் அவனுக்கு அத்துப்படி. விருப்பம் என்ன என்று ஒருமுறையும் யோசிப்பதில்லை.

சேனியின் சிரிப்புக் காட்சியைப் பெரிதாகப் பேசுகிறார்களே, ஏன் அண்ணா?

காயம் ஆறித் திரும்பி வருகிறான். அதற்குள் நானோனுக்குப் பயம் தெளிந்துவிட்டது. மலபாரின் கைகளை ஆசையாகப் பிடித்துக் காட்டுகிறாள், கல்யாணம் என்கிறாள். அலோன்சோ சிரிக்கத் தொடங்குகிறான். சந்தோஷத்தில் சிரிக்கிறான் என்று அவர்களும் சேர்ந்து சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு அப்படியே அலறலாக மாறுகிறது. சத்தமே இல்லாத படத்தில் அது காதில் விழுவதுபோல் இருக்கும். தான் பார்த்தவற்றிலேயே மனதை மிகவும் ஆட்டிய காட்சிகளில் ஒன்று இது என்று ஹாலிவுட் நடிகர் பர்ட் லங்காஸ்டர் சொல்லியிருக்கிறார். சேனியின் அப்பா, அம்மா இருவருக்குமே காது கேட்காது, பேச்சும் வராது. முகத்தாலும் சைகையாலும் பேசி வளர்ந்தவருக்கு வசனம் எதற்கு?

காலால் செய்யும் வித்தைகள் அவரே செய்தவையா?

பெரும்பாலும் இல்லை. பிறவியிலேயே கைகளில்லாத பால் டெஸ்முக் என்பவரின் கால்கள் அவை. சில ஷாட்களில் சேனியின் உடம்பும் டெஸ்முக்கின் கால்களும் ஒரே ஃபிரேமில் இருக்கும்படி எடுத்திருக்கிறார்கள். கூர்ந்து பார்த்தாலும் பிடிபடாது.

இயக்குநருக்கு சர்க்கஸ் பழக்கம் உண்டா?

உண்டு. சின்ன வயதிலேயே வீட்டைவிட்டு ஓடிப்போய் வித்தைக்காரர்களோடு சேர்ந்தவர். ‘உயிருள்ள பிணம்’ என்று மண்ணுக்குள் புதைந்து காட்டியிருக்கிறார். 1932இல் ‘ஃப்ரீக்ஸ்’ எடுத்தவரும் இவரே.

முடிவு சப்பென்று போனதாக எனக்குத் தோன்றியது.

எனக்கும் கொஞ்சம் அவசரமாகத்தான் தெரிகிறது. மலபாரின் கைகளில் கட்டிய இரண்டு குதிரைகள் ஓடும் மேடைமேல் (டிரெட்மில் மாதிரி, ஓடினாலும் இருந்த இடத்திலேயே இருக்கும்) எதிரெதிராக ஓடுகின்றன. மேடையை நிறுத்தினால் கைகள் பிய்ந்துவிடும், அலோன்சோ நிறுத்துகிறான். குதிரையைத் தடுக்க நானோன் ஓட, அவளைக் காப்பாற்றப் பாய்ந்தவன் குளம்பில் சிக்கிச் சாகிறான். ஆனால் தான் இழந்ததையே எதிராளியும் இழக்க வேண்டும் என்று நினைக்கிறான் பாருங்கள், அந்தக் கணக்கு கச்சிதம்.

50 நிமிடப் பிரதி, 66 நிமிடப் பிரதி என்று இரண்டு கிடைக்கின்றன. எது?

நீளமானதைப் பாருங்கள். வெகுகாலம் காணாமல் போன படம் இது. 1968இல் பாரிஸின் சினிமாதெக் காப்பகத்தில் ஒரு பிரதி கிடைத்தது, அதுவும் குறைப்பிரதி. ஒரு செக் பிரதியிலிருந்து விடுபட்ட காட்சிகளைச் சேர்த்து 2022இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் அருங்காட்சியகம் மீட்டெடுத்ததுதான் அந்த 66 நிமிடம்.