தாத்தாவின் டிராக்டரில் மாட்டியிருக்கும் இரும்புச் சக்கரம்

கேள்வி: எங்கள் தாத்தா ஓட்டிய சாம்பல் நிற பெர்குசன் டிராக்டர் பல வருடங்களாகக் கொட்டகையில் நிற்கிறது. கொஞ்சம் வேலை பார்த்தால் இன்ஜின் ஓடிவிடும் என்கிறார் மெக்கானிக். பின்பக்கம் நடுவில் ஒரு இரும்புப் பெட்டியை போல்ட் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதன் பக்கவாட்டில் முக்கால் அடி விட்டத்தில் அகலமான ஒரு இரும்புச் சக்கரம். பல்லும் இல்லை, பள்ளமும் இல்லை. ஊரில் ஒருவர் மரம் இழுக்கும் விஞ்ச் என்கிறார், இன்னொருவர் தண்ணீர் பம்பு என்கிறார். பழைய இரும்பு வியாபாரி அதை மட்டும் கழற்றி எடைக்குக் கேட்கிறார். டிராக்டரை விலை பேச வந்தவரோ, "அது எதற்கும் உதவாது, சும்மா சேர்த்துக் கொடுங்கள்" என்கிறார். அது என்ன பொருள்? கொடுக்கலாமா? (பொள்ளாச்சி பக்கத்து வாசகர்)

பதில்: எடைக்கும் கொடுக்காதீர்கள், சும்மாவும் கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது பெல்ட் புல்லி. டிராக்டரை ஒரே இடத்தில் நிறுத்தி, அதன் இன்ஜினால் வேறொரு மிஷினை ஓட்டுவதற்கான கருவி. கரும்பு ஆட்டுவது, கதிரடிப்பது, கடலை உடைப்பது, கிணற்றுத் தண்ணீர் இறைப்பது என்று எல்லாவற்றுக்கும் இதையே பயன்படுத்தினார்கள். மின்சாரம் எட்டாத தோட்டத்தில் இது இருந்தால் தனியாக ஒரு ஆயில் இன்ஜின் வாங்க வேண்டியதில்லை.

நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். ஒரு நேரான ஸ்கேலை சக்கரத்தின் முகத்தில் குறுக்காக வையுங்கள். நடுப்பகுதி லேசாக மேடாக இருந்து, இரண்டு ஓரமும் சற்றுத் தாழ்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். பட்டை பெல்ட் எப்போதும் மேட்டை நோக்கி ஏறி நடுவில் நிற்கும். அதனால்தான் ஓரத்தில் தடுப்பு இல்லாமலேயே பெல்ட் நழுவாமல் ஓடுகிறது. பழைய ரைஸ் மில்லில் கூரையை ஒட்டி ஓடும் நீளத் தண்டில் இதே மாதிரி சக்கரங்களைப் பார்த்திருப்பீர்கள். விஞ்சாக இருந்தால் கம்பி வெளியே வராமலிருக்க இரண்டு ஓரத்திலும் உயரமான விளிம்பு இருக்கும். பம்பாக இருந்தால் தண்ணீர் உள்ளே போக ஒரு வாயும் வெளியே வர ஒரு வாயும் வேண்டுமே? உங்கள் பெட்டியில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் தவிர வேறு துளை இருக்காது என்று நினைக்கிறேன்.

பெட்டிக்குள்ளே இருப்பது சாய்பல் கியர் (பெவல் கியர்) ஜோடி. டிராக்டரின் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டு (இன்ஜின் சக்தியை மற்ற கருவிகளுக்குக் கொடுக்கும் தண்டு) முன்பின்னாகக் கிடக்கிறது. பெல்ட் சக்கரத்தின் தண்டோ குறுக்காகக் கிடக்க வேண்டும். அந்தத் திருப்பத்தை இந்த கியர்தான் கொடுக்கிறது, வேகத்தையும் கூட்டுகிறது. அகலமான கேன்வாஸ் பெல்ட்டை எட்டு வடிவில் முறுக்கி மாட்டுவதும் உண்டு. அப்படி மாட்டினால் மிஷின் எதிர்த்திசையில் சுற்றும், பெல்ட்டும் அதிகம் அலையாது.

உங்கள் டிராக்டர் எந்த வகை என்பதும் விலை பேசும்போது உதவும். சாம்பல் நிற பெர்குசன் என்றால் பெரும்பாலும் டி.இ.20 வரிசை. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில், ஹாரி பெர்குசனுக்காக ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்தது. டாஷ்போர்டில் ஒரு தகடு இருக்கும், துணியால் துடைத்துப் படியுங்கள். டி.இ.ஏ. என்றால் ஸ்டாண்டர்ட் பெட்ரோல் இன்ஜின், டி.இ.டி. என்றால் மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளில் ஓடியது, டி.இ.எஃப். என்றால் 1951-இல் வந்த டீசல். பெயின்டை மட்டும் நம்ப வேண்டாம், நிறத்தை யாரும் மாற்றியிருக்கலாம்.

நம் பக்கத்து மெக்கானிக்குகளுக்குப் பழக்கமானது இதற்குப் பிந்தைய சிவப்பு மாஸி பெர்குசன். 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் செய்தவை அவை. அங்கேதான் ஒரு குழப்பம் வருகிறது. இன்றைய டிராக்டர்களில் வழக்கமான பி.டி.ஓ. தண்டின் விட்டம் 1 3/8 அங்குலம் (சுமார் 35 மி.மீ.). டி.இ.20-இல் 1 1/8 அங்குலம்தான் (28.6 மி.மீ.). அதனால் உங்கள் புல்லியை வேறு டிராக்டரில் மாட்டிப் பார்த்துவிட்டு "சேரவில்லை, வீண்" என்று யாராவது சொன்னால் அது புல்லியின் குறை இல்லை. அது உங்கள் வண்டிக்குப் பொருந்திய ஜோடி, தனியாகப் பிரித்தால் இரண்டுக்குமே மதிப்பு குறையும்.

இப்போது நான் உண்மையிலேயே கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். மெக்கானிக் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன்பு, பி.டி.ஓ. லீவர் விலகிய நிலையில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். டி.இ.20-இல் கலப்பையைத் தூக்கும் லிஃப்டுக்கான ஹைட்ராலிக் பம்பும் பி.டி.ஓ.வோடு சேர்ந்துதான் ஓடுகிறது. "லிஃப்ட் வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று லீவரைப் போட்டால் பின்னால் அந்தச் சக்கரமும் சுற்றத் தொடங்கிவிடும். பெல்ட் வேலைக்கென்று வைத்திருந்த வேகம் நிமிடத்துக்குச் சுமார் 3,100 அடி. மணிக்கு 57 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேட்டி நுனியோ துண்டோ சேலை முந்தானையோ பட்டால் இழுத்துக்கொள்ளும், கையை எடுக்க நேரம் இருக்காது. அதற்குப் பின்னால் குழந்தைகள் நிற்கவே கூடாது.

அப்புறம், நிலைமையைப் பாருங்கள். இன்ஜின் நிற்கும்போது சக்கரத்தைக் கையால் சுற்றினால் கரகரப்பில்லாமல் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. இறுகிப்போயிருந்தால் சுத்தியலால் அடிக்காதீர்கள். வார்ப்பிரும்பு விண்டுபோகும். டீசல் ஊற்றி நாலு நாள் ஊறவிடுங்கள்.

விற்பதானால் டிராக்டரோடு சேர்த்தே விலை பேசுங்கள், "ஒரிஜினல் பெல்ட் புல்லியுடன்" என்று சொல்லி, போட்டோ எடுத்துக் காட்டி, மூன்று நாலு பேரிடமாவது கேளுங்கள். வாங்க வந்தவர் உதவாது என்று சொல்லிக்கொண்டே கேட்கிறார் என்றால், அது அவருக்கு உதவுகிறது என்றுதானே அர்த்தம்? காகிதமும் முக்கியம். ஆர்.சி. இன்னும் தாத்தா பெயரில் இருந்தால், முதலில் வாரிசுச் சான்றிதழோடு ஃபார்ம் 31 கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகுதான் விற்பனைக்கான 29, 30. பதிவின் 15 வருடக் காலம் எப்போதோ முடிந்திருக்கும், புதுப்பித்தார்களா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பழைய டிராக்டர் ஒன்றை விவசாயத்துக்காக வாங்கப் போகிறேன். பெல்ட் புல்லிக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (மணப்பாறை வாசகர்)

பதில்: உங்களிடம் பட்டை பெல்ட்டில் ஓடும் மிஷின் ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் வேண்டாம். இன்று மோட்டார் செய்யும் வேலை அது, அந்தப் பணத்தை டயருக்கும் கிளட்சுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் புல்லியைக் கழற்றிக் கொடுத்தால் பி.டி.ஓ. தண்டின் மூடியையும் கேட்டு வாங்குங்கள். புல்லி மாட்டியிருந்த காலத்தில் அந்த மூடி எங்கேயாவது தொலைந்திருக்கும். சுழலும் தண்டு திறந்து கிடக்கிற வண்டியை அப்படியே வீட்டுக்கு ஓட்டி வராதீர்கள்.