டார்ச் கோரல் உரியுது, பெரிய வேவ்மேக்கர் வாங்கணுமா?

கேள்வி: அண்ணே, சிங்கப்பூர் ஈசூன்ல வீவக அடுக்குமாடி வீடு, ஹால்ல ரெண்டடி ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்குற கடல்தண்ணித் தொட்டி, 100 லிட்டர் பிடிக்கும். மணிக்கு 4,000 லிட்டர் தள்ளுற வேவ்மேக்கர், அதான் தண்ணியை ஓட வைக்கிற பம்ப், ஓடுது. டார்ச் கோரல்ங்கிற பவளம் ஒரு பக்கம் சதை உரிஞ்சு எலும்பு தெரியுது, ஆனா பாறைக்குப் பின்னாடி செவப்பா வழவழன்னு பாசி படியுது. கடைக்காரர் இன்னும் பெருசா வாங்கச் சொல்றார். வாங்கவா?

பதில்: வேணாம் தம்பி, காசை வச்சுக்குங்க. 100 லிட்டருக்கு 4,000ன்னா மணிக்கு 40 தடவை தண்ணி சுத்துது, அது பம்ப் வந்த பெட்டி மேல அச்சடிச்ச கணக்குதான், இருந்தாலும் டார்ச்சுக்கு அதுல பாதியே தாராளம். உங்களுக்குக் கோளாறு திசையில. வேவ்மேக்கர் கோரல் முகத்துக்கு நேரா இருக்கும்னு நினைக்கிறேன், ஒரு பக்கம் மட்டும் உரியுறதே அதனாலதான். நம்ம புலாவ் ஹந்து தீவுப் பக்கம் கடல் ஏறும்போது ஒரு பக்கம் இழுக்கும், வத்தும்போது எதிர்ப்பக்கம் இழுக்கும், எந்தக் கோரலும் நாள் பூரா ஒரே பக்கம் அடி வாங்குறதில்ல.

வேவ்மேக்கரைப் பக்கவாட்டுக் கண்ணாடியில மேல ஏத்தி, முன்கண்ணாடியைப் பார்த்து லேசா மேல்நோக்கித் திருப்புங்க, வேகம் குறைக்க முடிஞ்சா குறைங்க. தண்ணி கண்ணாடியில மோதி உடைஞ்சு பரவலா வரும், மேல்மட்டமும் கலங்கும், நம்ம ஊர் சூட்டுக்கு அது ரொம்ப முக்கியம், ஏன்னா சூடான தண்ணியில ஆக்சிஜன் கம்மி. கீழ்நோக்கி மட்டும் வச்சிராதீங்க, நான் வச்சு மறுநாள் காலையில பார்த்தா மணலெல்லாம் ஒரு மூலையில குமிஞ்சு மத்த இடத்துல அடிக்கண்ணாடி பளிச்சுன்னு தெரியுது.

டார்ச் ஆடுறதைப் பாருங்க, ஜன்னலுக்கு வெளிய மூங்கில் கழியில காயப்போட்ட துணி இளங்காத்துல முன்னும் பின்னும் அசையும்ல, அப்படி இருக்கணும், மழைக்காத்துல ஒரே பக்கம் இழுத்துக்கிட்டு நிக்கிற மாதிரி இருந்தா இன்னும் அடி ஜாஸ்தி.

பாசிக்கு, பாறையைப் பின்கண்ணாடியில இருந்து நாலு விரல் தள்ளி வைங்க, இருக்கறதை ட்யூப் போட்டு உறிஞ்சி எடுத்துடுங்க, தீனியையும் குறைங்க. அப்புறம் ஒரு சிட்டிகை தீனியைத் தூவிப் பாருங்க, அது எங்க போய் அடங்குதோ அங்கதான் ஓட்டம் பத்தல.

கேள்வி: தீனி போடும்போது வேவ்மேக்கரை நிறுத்தணுமா? (தெம்பனிஸ் வாசகி)

பதில்: 10 நிமிஷம் நிறுத்துங்கம்மா, இல்லாட்டி பாதி தீனி பாறைக்கு அடியில போயிடும். திரும்பப் போட மறந்துடாதீங்க. நான் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு அப்படியே வேலைக்குப் போயிட்டேன், சாயங்காலம் வந்தா மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது. இப்ப போன்ல அலாரம் வச்சிருக்கேன்.