அரசு அலுவலகங்களில் புதுமையை எப்படி ஊக்குவிப்பது?

"வளரும் நாட்டில், சுற்றறிக்கை விட்டால் அரசு ஊழியர்கள் புதிதாக யோசிப்பார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாட்டார்கள். வங்கதேசம் வேறு வழியில் போனது.

2007இல் யுஎன்டிபி (ஐ.நா. வளர்ச்சித் திட்டம்) ஆதரவுடன் அங்கே தொடங்கிய, அரசு சேவைகளைக் கணினி வழியாக மக்களிடம் கொண்டுசேர்க்கும் 'ஏ டூ ஐ' (Access to Information) திட்டத்தில் என்னை மிகவும் கவர்ந்தது கணினி அல்ல, ஒரு பயிற்சி. அதிகாரிகள் பதவியைச் சொல்லாமல், தங்களுக்குப் பழக்கமில்லாத வேறொரு துறை அலுவலகத்துக்குச் சாதாரண மனுதாரராகப் போக வேண்டும். எந்த மேசைக்குப் போவது என்று தெரியாமல் நிற்பதும் 'நாளைக்கு வாங்க' என்று கேட்பதும் தனக்கே நடந்தால்தான் உறைக்கும். திரும்பி வந்து சொந்த அலுவலகத்தை அதே கண்ணால் பார்க்கச் சொன்னார்கள்.

அளவுகோலும் எளிது: மக்களுக்கு நேரம், செலவு, அலுவலகத்துக்கு அலையும் நடை எவ்வளவு குறைந்தது? நல்ல யோசனைகளைச் சோதிக்கச் சிறு நிதியும் இருந்தது.

2010 நவம்பரில் 4,500க்கும் மேற்பட்ட யூனியன்களில் (நம் ஊராட்சி போன்றவை) இதே திட்டத்தின் கீழ் அரசு சேவைகளைப் பெற உதவும் மையங்கள் திறந்தன. நடத்துவது உள்ளூர் ஆண் ஒருவர், பெண் ஒருவர். சம்பளம் கிடையாது, சேவைக் கட்டணமே வருமானம். நடத்துபவர்களில் ஒரு பெண்ணும் இருப்பது பெண்கள் தயங்காமல் வர உதவும் என்பது என் கருத்து. ஆனால் கூட்டம் குறைந்த ஊரில் அந்தக் கட்டண வருமானம் போதாது. அங்கே அரசு கைகொடுத்தே ஆகவேண்டும்.