ரேகை விழவில்லை என்றால் அரிசி கிடையாதா?

கேள்வி: என் தாயாருக்கு 71 வயது. பல ஆண்டுகள் சித்தாள் வேலை பார்த்ததில் விரல் ரேகை தேய்ந்துவிட்டது. எங்களுடையது முன்னுரிமைக் குடும்ப அட்டை. அதில் அவரும் நானும் மட்டும்தான். நான் வெளியூரில் வேலை செய்கிறேன். இரண்டு மாதமாக ரேஷன் கடையில் "மெஷின் எடுக்கல, நான் என்ன செய்ய?" என்று திருப்பி அனுப்புகிறார்கள். பொருளை எப்படி வாங்குவது? இந்த மெஷினே வேண்டாம் என்று கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லலாமா?

பதில்: முதலில் பொருள் கைக்கு வரட்டும். ரேகை பொருந்தாததைக் காரணம் காட்டி அட்டைதாரரைத் திருப்பி அனுப்ப யாருக்கும் அதிகாரம் கிடையாது. ஒன்றிய உணவுத் துறை 2017 அக்டோபர் 24 அன்று எல்லா மாநிலங்களுக்கும் எழுதிய அறிவுறுத்தல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. நெட்வொர்க் இல்லாவிட்டாலும், ரேகை சரியாகப் பதியாவிட்டாலும், குடும்ப அட்டையையும் ஆதார் அட்டையையும் நேரில் பார்த்துப் பொருளைக் கொடுத்துவிட்டு, விதிவிலக்கு என்று தனியாகப் பதிவு செய்ய வேண்டும். 2018 செப்டம்பரில் வந்த ஆதார் வழக்குத் தீர்ப்பு, நலத்திட்டங்களுக்கு ஆதார் கேட்கலாம் என்றது. சரிபார்ப்பு தோற்றுப்போனதற்காக உரியவருக்குப் பலனை மறுக்கக் கூடாது என்பதையும் அதே தீர்ப்பு பதிவு செய்தது.

ஆகவே கடையில் மெஷினைப் பற்றி வாதாட வேண்டாம். "ரேகை விழலைன்னா விதிவிலக்கில் பில் போடுங்க, நோட்டில் கையெழுத்துப் போடுறோம்" என்று மட்டும் கேளுங்கள். மறுத்தால் தேதி, நேரம், கடை எண் மூன்றையும் குறித்துக்கொண்டு, அன்றே 1967 என்ற எண்ணில் புகார் செய்து புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கோளாறு எங்கே என்று பாருங்கள். "மெஷின் எடுக்கல" என்ற ஒரே பேச்சுக்குள் நான்கு வேறு வேறு பிரச்சினைகள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் போக வேண்டிய இடம் வேறு. தவறான இடத்துக்கு அலைவதில்தான் பலருக்கு மாதங்கள் போய்விடுகின்றன. தாயாரின் ஆதாரில் கைபேசி எண் பதிவாகியிருந்தால், ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் அங்கீகார வரலாற்றைத் திறந்து பாருங்கள். கடந்த ஆறு மாதங்களில் நடந்த முயற்சிகள் பிழை எண்ணோடு இருக்கும். 300 என்றால் ரேகை பொருந்தவில்லை. 330 என்றால் பயோமெட்ரிக் பூட்டப்பட்டிருக்கிறது. யாரோ பாதுகாப்புக்காகப் பூட்டிவிட்டு மறந்திருப்பார்கள், அதே தளத்தில் திறந்துவிடலாம். 998 வந்தால் பெரும்பாலும் ஆதார் எண்ணே தவறு; அட்டையோடு இணைத்தபோது ஓர் இலக்கம் மாறியிருக்கலாம். அதைச் சரிசெய்ய ஆதார் மையத்துக்குப் போய்ப் பயனில்லை, வட்ட வழங்கல் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். ரேகை வைத்த நாளுக்கு எந்தப் பதிவும் இல்லையென்றால் முயற்சியே ஆதார் கணினியை எட்டவில்லை: நெட்வொர்க் கோளாறு.

உங்கள் தாயாருக்கு 300 ஆகத்தான் இருக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பு, சிமெண்ட், மருதாணி எல்லாம் ரேகையைக் கெடுக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, தோல் மிகவும் வறண்டிருந்தால் ஈரத் துணியில் ஒற்றி, கருவியின் கண்ணாடியையும் துடைத்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள். அழுத்தி வைத்தால் ரேகை பரந்து கெட்டுவிடும். லேசாக வைப்பதே நல்லது. கட்டைவிரலோடு நிறுத்தாமல் பத்து விரலையும் முயல வேண்டும். மோதிர விரலும் சுண்டு விரலும் அதிகம் தேய்வதில்லை. கடையில் கருவிழிக் கருவி இருந்தால் அதைக் கேளுங்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வெயில் முகத்தில் படாமல் நின்று, கண்ணை நன்றாகத் திறந்து பார்த்தால் போதும். கண்புரை அறுவை செய்தவர்களுக்குப் பழைய கருவிழிப் பதிவு சில சமயம் பொருந்தாது.

ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். பதிவு பழையதாகி விரல் மட்டும் மாறியிருந்தால் அது உதவும். வரியே அழிந்த விரலை எத்தனை முறை பதிந்தாலும் அடுத்த மாதம் அதே 300 வரும். அந்த நிலையில் ரேகையைத் துரத்துவதை விட்டுவிட்டு அங்கீகாரச் சான்று வாங்குங்கள். கடைக்கு நேரில் வர முடியாத மூத்த குடிமக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வேறொருவர் பொருள் வாங்க இது வழி செய்கிறது. கடையிலோ, வட்ட அளவில் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாமிலோ விண்ணப்பம் கொடுக்கலாம். 2025 ஆகஸ்டில் 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் தொடங்கியது. உங்கள் கடையின் பட்டியலில் தாயார் பெயர் இருக்கிறதா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு மறுத்தால், உங்கள் அட்டை முன்னுரிமை அட்டை என்பதால், தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 துணை நிற்கிறது. பிரிவு 15-இன்படி மாவட்டக் குறைதீர் அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். மேல்முறையீடு மாநில உணவு ஆணையத்துக்கு. கிடைக்காத தானியத்துக்குப் பதிலாகப் பிரிவு 8-இன்படி உணவுப் பாதுகாப்புப் படி என்ற பணத்தைக் கேட்கலாம். குறைதீர் அலுவலர் பரிந்துரைத்த நிவாரணத்தைத் தராத அரசு ஊழியருக்குப் பிரிவு 33-இன்படி 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

இனி மெஷின் வேண்டுமா என்ற கேள்வி. தமிழ்நாட்டில் பில் போடும் விற்பனை முனையக் கருவியும் ஸ்மார்ட் கார்டும் 2017-லேயே வந்துவிட்டன. அப்போது கார்டை ஸ்கேன் செய்தாலே பில் வந்தது. ரேகை கட்டாயமானது 2020 அக்டோபரில், "ஒரே நாடு ஒரே ரேஷன்" திட்டத்தோடு. கொரோனாவால் மாநிலங்களின் வருவாய் சரிந்திருந்த நேரம் அது. கூடுதலாகக் கடன் வாங்க வேண்டுமானால் சில சீர்திருத்தங்களைச் செய்ய வேண்டும் என்று 2020 மே மாதம் ஒன்றிய அரசு நிபந்தனை விதித்தது. அதில் மாநில உற்பத்தி மதிப்பில் 0.25 சதவீதக் கடன் இந்தத் திட்டத்தோடும் ஆதார் இணைப்போடும் கட்டப்பட்டிருந்தது. உங்கள் ஊர்க் கடையில் போலி அட்டை இருக்கிறதா என்று பார்த்து வந்த கருவி அல்ல இது.

ரேகை தடுப்பது ஒரே ஒரு திருட்டை: ஆள் மாறாட்டம். எடை குறைத்துப் போடுவதையும், தரமற்ற அரிசி வருவதையும், கிடங்கிலிருந்து வரும் வழியில் மூட்டை குறைவதையும் அது தொடாது. அவற்றைக் கட்டுப்படுத்தியவை வேறு வேலைகள். சத்தீஸ்கரில் 2004-க்குப் பிறகு தனியார் முகவர்களிடமிருந்து கடைகளை எடுத்து ஊராட்சிகளுக்கும் கூட்டுறவுகளுக்கும் கொடுத்தார்கள். அரிசியை லாரியில் கடை வாசல் வரை கொண்டுபோய் இறக்கினார்கள். தமிழ்நாட்டில் கடைகளைப் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துவதும், அனைவருக்குமான ரேஷன் என்பதும் ரேகைக்கு முன்பே இருந்த பலம்.

அரசுகள் கருவியை ஏன் விரும்புகின்றன என்பதற்குக் கணக்கில் விடை இருக்கிறது. திருப்பி அனுப்பப்பட்ட உங்கள் தாயாரின் இரண்டு மாத அரிசி "மறுக்கப்பட்டது" என்று எங்கும் பதிவாகாது. "வாங்கவில்லை" என்றுதான் இருக்கும். மேலே போகும்போது அதுவே மிச்சம் ஆகிவிடும். போலி அட்டைக்காரர் வாங்காமல் போனதும் உண்மையான அட்டைதாரர் பசியோடு திரும்பியதும் அந்த எண்ணிக்கையில் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒன்றிய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையே சரிபார்ப்புத் தோல்வி ஜார்க்கண்டில் 49 சதவீதம், ராஜஸ்தானில் 37 சதவீதம் என்ற மதிப்பீடுகளைக் குறிப்பிட்டிருக்கிறது. கருவி தோற்கும்போது இழப்பு அரசுடையதா, அட்டைதாரருடையதா என்பதை முடிவு செய்வது பொறியியல் அல்ல, அரசியல். காகிதத்தில் அந்த முடிவு உங்கள் தாயார் பக்கம் இருக்கிறது. கடையில் எதிர்ப்பக்கம் இருக்கிறது.

அதனால் மெஷினை அகற்றும் தீர்மானத்தைவிட எண்களைக் கேட்கும் தீர்மானம் பயன் தரும் என்பது எங்கள் கருத்து. அகற்றும் அதிகாரம் கிராம சபைக்குக் கிடையாது. ஆனால் ரேஷன் கடையின் கணக்கை மக்களே சரிபார்க்கும் சமூகத் தணிக்கைக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 28 இடம் தருகிறது. உங்கள் கடையில் மாதவாரியாக எத்தனை அட்டைக்கு ரேகையில் பில் போடப்பட்டது, எத்தனை கருவிழியில், எத்தனை விதிவிலக்கில், தொடர்ந்து மூன்று மாதம் எதுவும் வாங்காத அட்டைகள் எத்தனை என்று கேளுங்கள். கடைசி எண் முக்கியம். அந்த அட்டைகளின் வீடுகளுக்குத் தணிக்கைக் குழு நேரில் போய்க் காரணம் கேட்க வேண்டும் என்றும் தீர்மானத்தில் சேருங்கள். விதிவிலக்குப் பதிவேடு சுழியமாக இருந்தால் பெருமைப்பட ஒன்றுமில்லை. முதியவர்கள் திருப்பி அனுப்பப்படுகிறார்கள் என்பதற்கான அறிகுறியாகவே அதைப் பாருங்கள். விற்பனையாளர்மேல் மட்டும் பாயவும் வேண்டாம். விதிவிலக்கில் பில் கூடினால் ஆய்வில் கேள்வி கேட்பார்கள் என்ற பயம் அவருக்கு இருக்கும். மறுக்காமல் கொடுக்கச் சொல்லி வட்ட வழங்கல் அலுவலர் எழுத்தில் உத்தரவு தர வேண்டும் என்று கேட்டால் அவருக்கும் அது பாதுகாப்பு.

கிராம சபை தள்ளிப்போனால் காத்திருக்க வேண்டாம். இதே கேள்விகளை 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு அனுப்பலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். "காரணம் என்ன" என்று கேட்காதீர்கள், அப்படிக் கேட்டால் தகவல் இல்லை என்று தட்டிக்கழிப்பார்கள். கடை எண்ணையும் மாதங்களையும் குறிப்பிட்டுப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள்.