கேள்வி நேரம்: ரீஃபண்ட் மெயிலை நம்பலாமா?

‘ரூ.15,490 வருமான வரி ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டுள்ளது. கீழுள்ள லிங்கில் வங்கிக் கணக்கை உறுதிசெய்யவும்’ என்று மெயில் வந்திருக்கிறது. என் பெயர், பான் எண் இரண்டும் சரியாக உள்ளன. நம்பலாமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாப்பூர்

லிங்கைத் தொடாதீர்கள். பான் நகலை நாம் கொடுக்காத இடம் எது? அதனால் அது சரியாக இருப்பது எதற்கும் ஆதாரம் இல்லை. அரசு முத்திரையும் அப்படித்தான். யாரும் நகலெடுத்து ஒட்டலாம். அனுப்புநர் பெயரையும் போலியாகக் காட்ட முடியும்.

ரீஃபண்ட், வருமான வரித் துறையின் இணையதளமான போர்ட்டலில் நீங்கள் ஏற்கெனவே வேலிடேட் செய்து (அதாவது, உங்கள் கணக்குதான் என்று சரிபார்த்து) ரிட்டர்னில் தேர்ந்தெடுத்த கணக்குக்கு நேராக வந்துவிடும். அதற்கு கார்டு எண்ணோ சிவிவியோ ஓடிபியோ தேவையே இல்லை. உங்களுக்குப் பணம் வர ஓடிபி எதற்கு?

சந்தேகம் இருந்தால் ‘இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன்’ என்று நீங்களே டைப் செய்து லாகின் செய்யுங்கள். ‘இ-ஃபைல்’, ‘இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன்ஸ்’, ‘வியூ ஃபைல்ட் ரிட்டர்ன்ஸ்’ என்று போனால் நிலவரம் தெரியும். கணக்கு வேலிடேட் ஆகாததால் ரீஃபண்ட் திரும்பிப் போவதும் உண்டு. அப்போதும் கணக்கைச் சரிசெய்து ‘ரீஃபண்ட் ரீஇஷ்யூ’ கேட்பது போர்ட்டலுக்குள்தான், மெயில் லிங்கில் அல்ல.

மோசடி லிங்குகள் ‘இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன்’ என்றே தொடங்கலாம். முடிவைப் பாருங்கள்: இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன் ‘டாட் காம்’ என்று முடிந்தால் அது அரசுத் தளம் அல்ல. பூட்டுச் சின்னத்தை வைத்தும் ஏமாறாதீர்கள். மோசடித் தளத்திலும் அது இருக்கும்.

‘143(1) அறிவிப்பு’ என்று பிடிஎஃப் வந்தால் அதுவும் போலியா?
- வாசகி, பெரம்பூர்

எல்லாமே போலி இல்லை. ரிட்டர்னைப் பரிசீலித்த பிறகு வருமான வரித் துறை நிஜமாகவே இந்த அறிவிப்பை அனுப்பும். பான் எண்ணைச் சிறிய எழுத்தில் போட்டு, தொடர்ந்து பிறந்த தேதியை எட்டு இலக்கமாகச் சேர்த்தால் திறக்கும். ஆனால் போலியும் இதே பாஸ்வேர்டோடு வரலாம். எனவே அதே அறிவிப்பு போர்ட்டலிலும் இருக்கிறதா என்று பாருங்கள். நோட்டீஸ் என்றால் 2019 அக்டோபர் முதல் ‘டின்’ எனும் ஆவண எண் இருந்தாக வேண்டும். போர்ட்டல் முகப்பிலேயே, லாகின் செய்யாமல், அதைச் சரிபார்க்கலாம். இணைப்பு ‘ஏபிகே’ கோப்பாக (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு) இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மோசடிதான்.

லிங்கில் கார்டு விவரமும் ஓடிபியும் கொடுத்துவிட்டேன். பணம் போய்விட்டது. இனி என்ன?
- வாசகர், தாம்பரம்

கார்டின் பின்புறமுள்ள வங்கி எண்ணை அழைத்து கார்டை முடக்குங்கள். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் நிறுத்திவைக்க முடிந்தால்தான் மீளும். சீக்கிரம் சொன்னால் வாய்ப்பு கூடும். நெட் பேங்கிங் பாஸ்வேர்டை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, வாடிக்கையாளரே ஓடிபி கொடுத்திருந்தால் புகார் செய்யும்வரை ஏற்படும் நஷ்டம் அவருடையது. புகாருக்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. ஆகவே புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு கிளையில் எழுத்துபூர்வமாகவும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அந்த மெயிலை அழிக்காதீர்கள், போலீஸ் கேட்பார்கள்.