நான் ஆதரித்த அணி தோற்ற இரவு: டாலஸ், 2017

கேள்வி: நீங்கள் ஆதரித்த அணி தோற்றிருந்தும், நீங்கள் பார்த்தவற்றிலேயே மிகச் சிறந்தது என்று கருதும் ஆட்டம் எது? ஏன்?

என்னைப் பொறுத்தவரை இதற்கு ஒரே பதில்தான். 2017ஆம் ஆண்டு மார்ச் 31 அன்று, டாலஸ் நகரின் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சென்டரில் நடந்த அமெரிக்கக் கல்லூரி மகளிர் கூடைப்பந்துப் போட்டியின் அரையிறுதி ஆட்டம் அது. மிசிசிப்பி ஸ்டேட் 66, கனெக்டிகட் 64. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், அதன் கடைசி நொடியில் ஐந்தடி ஐந்தங்குல உயரமே உள்ள மார்கன் வில்லியம் எறிந்த பந்தில் முடிந்தது. யூகான் என்று எல்லோரும் சுருக்கமாக அழைக்கும் கனெக்டிகட் அணியின் ரசிகன் நான். வேலையின் பொருட்டு கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் குடியிருந்த ஆண்டுகளில் பழகிய அணி அது. அந்த ஊரில் குளிர்கால மாலைகளை ஓட்டுவதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த இரவில் 111 ஆட்டங்களாக நீண்டிருந்த என் அணியின் தொடர் வெற்றி அறுந்தது.

அந்தக் கடைசி எறிதலை மட்டும் பார்த்தவர்கள் அதை அதிசயம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதற்கு ஓராண்டு முன்பு இதே இரண்டு அணிகளும் மோதிய ஆட்டத்தை அரங்கில் உட்கார்ந்து பார்த்தவன் நான் என்பதால், அந்த வெற்றி எவ்வளவு தொலைவிலிருந்து நடந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

அந்த முந்தைய ஆட்டம் 2016 மார்ச்சில், கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் நடந்தது. இந்தப் போட்டியின் அமைப்பை அறியாதவர்களுக்காக ஒரு வரி சொல்லிவிடுகிறேன்: அப்போது 64 கல்லூரி அணிகள் கலந்துகொள்ளும்; ஒரு தோல்வியோடு பருவம் முடிந்துவிடும்; பட்டம் வேண்டுமென்றால் ஏறத்தாழ மூன்று வாரங்களில் ஆறு ஆட்டங்களைத் தொடர்ந்து வெல்ல வேண்டும். பிரிட்ஜ்போர்ட்டில் நடந்தது அதன் மூன்றாவது சுற்று. இடைவேளையின்போது பலகையில் 61க்கு 12 என்று இருந்தது. முடிவில் 98க்கு 38. அறுபது புள்ளி வித்தியாசம். பிரியானா ஸ்டூவர்ட், மோரியா ஜெஃபர்சன், மார்கன் டக் ஆகிய மூவரும் கல்லூரியின் கடைசி ஆண்டில் இருந்த அணி எங்களுடையது. அந்த மூவரும் நான்கு ஆண்டுகளில் நான்கு பட்டங்களை வென்றுவிட்டு, அதே ஆண்டு தொழில்முறை அணிகள் வீராங்கனைகளைத் தேர்வு செய்தபோது முதல் மூன்று இடங்களில் அழைக்கப்பட்டவர்கள். அவர்களுக்கு எதிரே மிசிசிப்பி ஸ்டேட் பெண்கள் பந்தை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுவரவே திணறினார்கள். மூன்றாவது கால்பகுதியில் என்னைச் சுற்றி இருந்தவர்கள் கைதட்டுவதைக் குறைத்துக்கொண்டார்கள். ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது எனக்கு மகிழ்ச்சியைவிடச் சங்கடமே அதிகமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வாரத்தில்தான் ஒரு விவாதம் சூடுபிடித்தது. யூகான் இப்படி எல்லோரையும் நசுக்குவது பெண்கள் கூடைப்பந்துக்கே கெடுதல், யார் இதைப் பார்ப்பார்கள் என்று சில விளையாட்டுச் செய்தியாளர்கள் எழுதினார்கள். ஆண்கள் ஆட்டத்தில் ஓர் அணி தொடர்ந்து வென்றால் பேரரசு என்று போற்றும் அதே பேனாக்கள் பெண்கள் வென்றால் மட்டும் சலித்துக்கொள்வது எனக்குக் கோபத்தை ஏற்படுத்தியது, இன்றும் ஏற்படுத்துகிறது. ஆனாலும் அந்த வாதத்துக்கு என்னைப் போன்ற ரசிகர்கள் சொல்லும் பதிலுக்கு எடை கிடையாது. மற்ற அணிகள் எழுந்து வந்தால்தான் அதற்குப் பதில் கிடைக்கும்.

மிசிசிப்பி ஸ்டேட் பயிற்சியாளர் விக் ஷேஃபர் அந்த அறுபதை மறைக்கவோ மறக்கவோ முயலவில்லை. ஸ்டார்க்வில் நகரில் உள்ள தங்கள் உடற்பயிற்சிக் கூடத்தில் வீராங்கனைகள் கண்ணில் படும்படி அந்த எண்ணையே வைத்திருந்தார்கள் என்று பின்னர் செய்திகளில் படித்தேன். காலையில் எடை தூக்க வரும் ஒவ்வொரு நாளும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே தூக்குவது எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன்.

2017 அரையிறுதிக்கு வந்தபோது எங்கள் அணி மாறியிருந்தது. மூன்று நட்சத்திரங்களும் போய்விட்டார்கள். ஆனாலும் அந்தப் பருவத்தில் ஒரு தோல்விகூட இல்லை. கேட்டி லூ சாமுவேல்சன், நஃபீசா காலியர், கேபி வில்லியம்ஸ் ஆகியோர் ஓராண்டுக்குள் அந்த இடத்தை நிரப்பிவிட்டார்கள். எதிரணியில் மார்கன் வில்லியம் அதற்கு முந்தைய சுற்றில் பெய்லர் அணிக்கு எதிராகத் தனியாளாக 41 புள்ளிகள் எடுத்து, கூடுதல் நேரத்தில் 94க்கு 85 என்று தன் அணியைக் கரைசேர்த்திருந்தார். அந்தச் செய்தியைப் படித்தபோதும் எனக்குக் கவலை வரவில்லை. பிரிட்ஜ்போர்ட்டை என் கண்ணாலேயே பார்த்திருந்தேனே!

கிழக்குக் கரை நேரப்படி இரவு பத்து மணியளவில் ஆட்டம் தொடங்கியது. நான் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் இருந்தேன். இரண்டாவது கால்பகுதியில் 29க்கு 13 என்று மிசிசிப்பி ஸ்டேட் முன்னால் நின்றபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த 111 வெற்றிகளில் எங்கள் அணி பத்துப் புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றவை மூன்றுதான். ஆகவே பதினாறு புள்ளி பின்தங்கிய யூகான் எப்படி இருக்கும் என்பதே அந்த அணியின் ரசிகர்களுக்குத் தெரியாத காட்சியாக இருந்தது. முந்தைய ஆண்டு பந்தைக் கொண்டுவரவே திணறிய பெண்கள் இப்போது ஒவ்வொரு பாஸுக்கும் இடையில் கைநீட்டினார்கள். ஆறடி ஏழங்குல உயரமுள்ள டெயைரா மக்கவன் வளையத்துக்கு அடியில் நின்றதால் எங்கள் பெண்கள் உள்ளே வெட்டிப் புகுவது நின்றுபோனது. வெளியே இருந்து எறியலாமென்றால் டொமினிக் டில்லிங்ஹாம் மூச்சு விடவும் இடம் கொடுக்கவில்லை. விக்டோரியா விவியன்ஸ் 19 புள்ளிகள் எடுத்தார் என்பது உண்மைதான், ஆனால் அந்த ஆட்டத்தைத் தாங்கி நின்றது அவர்களுடைய தடுப்பு. தடுப்பாட்டத்தைக் காசு கொடுத்துப் பார்க்க யாரும் வரமாட்டார்கள் என்பார்கள். அன்று நான் பார்த்த அழகெல்லாம் அதில்தான் இருந்தது.

இடைவேளையில் 36க்கு 28. பிறகு எங்கள் அணி மெல்ல மெல்ல ஏறி வந்தது. அந்த மீட்சிக்கு முதல் காரணம் கேபி வில்லியம்ஸ். அவர் எடுத்த 21 புள்ளிகள்தான் ஆட்டத்தில் மிக அதிகம். ஆட்ட நேரம் முடிகையில் 60க்கு 60 என்று சமநிலை. கடைசி வாய்ப்பு மிசிசிப்பி ஸ்டேட்டிடம் இருந்தது. மார்கன் எறிய எழும்பினார். கேபி அதைவிட உயர எழும்பிப் பந்தைத் தட்டிவிட்டார். கேபி பதினைந்து வயதிலேயே 2012 ஒலிம்பிக்கிற்கான அமெரிக்கத் தேர்வுப் போட்டியில் உயரம் தாண்டுதலில் ஐந்தாம் இடம் பெற்றவர். அந்தத் தாவல் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டது. இனி இது எங்கள் ஆட்டம் என்றே நம்பினேன்.

ஐந்து நிமிடக் கூடுதல் நேரத்தில் இரண்டு அணிகளும் சேர்ந்து எடுத்தவை பத்தே புள்ளிகள். கால்கள் தளர்ந்திருந்தன, ஒவ்வொரு கூடையும் பல் பிடுங்குவது போல வந்தது. மிசிசிப்பி ஸ்டேட் 64க்கு 62 என்று முன்னிலையில் இருந்தபோது, ஏறத்தாழ 27 விநாடிகள் மிச்சமிருக்க, டில்லிங்ஹாமின் கை சாமுவேல்சன் முகத்தில் பட்டது. நடுவர்கள் காணொளியைப் பல கோணங்களில் பார்த்துவிட்டு அதைக் கடுமையான தவறு என்று அறிவித்தார்கள். அதன் பொருள், யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறியும் இரண்டு ஃப்ரீ த்ரோக்களும் எங்களுக்கு, அதன்பின் பந்தும் எங்களுக்கே. சாமுவேல்சன் இரண்டையும் போட்டார். 64க்கு 64, பந்தும் எங்கள் கையில்! இத்தனை ஆண்டுகளில் இப்படிப்பட்ட இடத்தில் யூகான் தவறி நான் பார்த்ததில்லை. அன்று தவறியது. அவசரப்பட்டு உள்ளே நுழைந்ததில் கூடையும் விழவில்லை, பந்தும் போய்விட்டது.

அடுத்து நடந்ததை நூறு முறையாவது மறுபடி பார்த்திருப்பேன். மார்கன் பந்தைத் தட்டிக்கொண்டு நேரம் கரையும்வரை காத்திருந்தார். பிறகு வலப்பக்கம் வெட்டி, ஃப்ரீ த்ரோ கோட்டின் முனைக்கு அருகில் சட்டென நின்று எழும்பினார். எதிரில் மறுபடியும் அதே கேபி. சிறிது நேரத்துக்கு முன்பு தன் பந்தைத் தட்டிவிட்ட அதே கைக்கு மேலாக இந்த முறை மார்கன் பந்தை வளைத்து அனுப்பினார். பந்து கூடைக்குள் விழுந்தபோது நேரம் முடிந்ததைக் காட்டும் விளக்கும் எரிந்துவிட்டது. சற்று முன்னர் அவமானப்பட்ட எறிதலையே, அதே ஆளுக்கு எதிராக, அதைவிடப் பெரிய நேரத்தில் மீண்டும் எடுப்பதற்கு என்ன மனம் வேண்டும்! துணிச்சல் என்ற சொல்லை நான் அதற்கு முன்பு கொஞ்சம் மலிவாகவே பயன்படுத்தி வந்திருந்தேன்.

கேமரா எங்கள் பயிற்சியாளர் ஜீனோ ஆரியம்மா பக்கம் திரும்பியது. 1985 முதல் யூகானைப் பயிற்றுவித்து, அதுவரை 11 பட்டங்களை வென்றவர் அவர். அவர் புன்னகைத்துக்கொண்டிருந்தார். நான் திகைத்துப்போனேன். கோபமோ கண்ணீரோ அங்கே இருந்திருந்தால் எனக்கு எளிதில் புரிந்திருக்கும். ஆனால் அந்த முகத்தில் இருந்தது, நல்ல ஒன்றை நல்லது என்று அடையாளம் காணத் தெரிந்த ஒருவரின் முகபாவம். அதைப் பார்த்த பிறகு நான் தொலைக்காட்சியை அணைக்கவில்லை. மிசிசிப்பி ஸ்டேட் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கொண்டாடியதைக் கடைசிவரை பார்த்தேன்.

எண்களில் நாட்டம் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த 111 வெற்றிகளுக்கு முன்பு யூகான் கடைசியாகத் தோற்றது 2014 நவம்பரில் ஸ்டான்ஃபோர்டிடம், 88க்கு 86 என்று. டாலஸுக்குப் பின் அடுத்த தோல்வி 2018 அரையிறுதியில் நோட்ர டேமிடம், 91க்கு 89 என்று. நான்கு பருவங்களில் மூன்றே தோல்விகள். மூன்றும் கூடுதல் நேரத்தில், மூன்றும் இரண்டே புள்ளிகளில். இந்த அணியை வீழ்த்த எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு இதைவிட நான் வேறு சான்று தேட மாட்டேன். டாலஸுக்குப் பிறகு எங்களுக்கு அடுத்த பட்டம் கிடைக்க 2025 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேபியைப் பற்றியும் ஒரு சொல். அவர் பின்னர் பிரான்ஸ் நாட்டு அணிக்காக ஆடினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதியாட்டத்தின் கடைசி நொடியில் அமெரிக்காவுக்கு எதிராக அவர் எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது; ஆனால் கால் மூன்று புள்ளிக் கோட்டை மிதித்திருந்ததால் இரண்டு புள்ளிகளே கிடைத்து, பிரான்ஸ் 67க்கு 66 என்று தோற்றது. கடைசி நொடியின் இரண்டு பக்கங்களிலும் இப்படி நின்றவர் வேறு யாரும் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

மார்கனுக்கு அந்த வார இறுதி இனிதாக முடியவில்லை. இரண்டு நாள் கழித்து நடந்த இறுதியாட்டத்தில் டான் ஸ்டேலி பயிற்றுவித்த சவுத் கரோலினா 67க்கு 55 என்று வென்று தன் முதல் பட்டத்தைப் பெற்றது; நாடே பெயர் தெரிந்துகொண்ட மார்கனை, அந்த ஆட்டத்தின் நான்காவது கால்பகுதி முழுவதும் ஷேஃபர் வெளியே உட்காரவைத்திருந்தார். பயிற்சியாளருக்கு அவருடைய காரணங்கள் இருந்திருக்கும். பெஞ்சில் அமர்ந்து துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அணித் தோழிகளுக்குக் குரல் கொடுக்கும் அந்தப் பெண்ணைப் பார்ப்பது எனக்குத்தான் கடினமாக இருந்தது.

அடுத்த ஆண்டு 2018இல், ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில், மிசிசிப்பி ஸ்டேட் மறுபடியும் இறுதியாட்டத்துக்கு வந்தது, மார்கனும் ஆடினார். எதிரணி, எங்களை அரையிறுதியில் வீழ்த்திய நோட்ர டேம். 58க்கு 58 என்று இருந்த நிலையில், ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு மட்டும் மிச்சமிருக்க, நோட்ர டேமின் அரிகே ஒகுன்போவாலே எறிந்த மூன்று புள்ளிப் பந்து கூடைக்குள் விழுந்தது. யூகான் சட்டையை அணிந்தபடியே அன்று நான் ஆதரித்தது மிசிசிப்பி ஸ்டேட்டைத்தான்.